ஊர் சுற்றிய பிரேம்

குற்றாலிங்கத்தின் கடையிலிருந்து படமில்லாத பிரேம் ஒன்று தானாக எழுந்து வெளியே போன அன்று ஆவுடையார்புரத்தில் கரண்ட் இல்லை, அதனால் ஊரில் பாதிப்பேர் விசிறியும் கையுமாகத் தெருவில்தான் நின்றார்கள், அதனால் நான் பார்க்கவில்லை என்று பின்னால் ஒருவரும் சொல்ல முடியாமல் போய்விட்டது. யாரோ கல்யாணப் படத்துக்குச் சொல்லிவைத்து வாங்க வராமல் விட்ட பிரேம் அது. தேக்கு நிறம், உள்பக்கம் தங்கக் கோடு, கண்ணாடி கிடையாது, அட்டை கிடையாது. ஆளின் நெஞ்சு உயரத்தில், ஆணி இல்லை, சுவர் இல்லை, காற்றில் நேராக நின்றபடி வாசலைத் தாண்டி, சாக்கடைப் பாலத்தைத் தாண்டி, வலதுபக்கம் திரும்பியது. கடன் கேட்க வருகிறவரைத் தெருமுனையில் பார்த்ததுபோல் கூட்டம் சற்று ஒதுங்கி வழிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் அது போய் நின்றது ஒரு ஆட்டின் முன்னால். ஆடு கட்சிப் போஸ்டர் ஒன்றைச் சுவரிலிருந்து கிழித்துத் தின்றுகொண்டிருந்தது, தலைவரின் முகத்தை முடித்துவிட்டு மீசையில் ஒரு நுனிதான் அதன் வாயோரம் மிச்சம், அந்த மீசை ஆட்டுக்கே முளைத்ததுபோல் மெல்லும்போதெல்லாம் ஏறி இறங்கியது. தினமும் அந்தச் சுவரில் ஏதோ ஒரு ஆடு ஏதோ ஒரு போஸ்டரைத் தின்றுகொண்டுதான் இருக்கும், யாரும் நின்று பார்த்ததில்லை. அன்று நாங்கள் பார்த்தோம். பார்க்கப் பார்க்கத் திருவிழா ராட்டினத்திலிருந்து இறங்கியவர்களைப்போல் எல்லாருக்கும் லேசாகக் கிறுகிறுத்தது, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரம்வரை வைத்திருந்தோம்.

அடுத்ததாக அது பரோட்டா மாஸ்டர் வேல்சாமியின் முன்னால் போய் நின்றபோதுதான் வம்பு வந்தது. மாவை வீசி விசிறிக்கொண்டிருந்த வேல்சாமி, மாவோடும் வேர்வையோடும், நாலு பக்கமும் தேக்குக் கட்டைக்குள் தனியாக நின்றார். எங்கள் ஊரில் பிரேமுக்குள் சாமி இருக்கலாம், கல்யாண ஜோடி இருக்கலாம். தனியாக ஒரு ஆள் இருந்தால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பொட்டும் மாலையும் சீரியல் பல்பும் பின்னாலேயே வரும் என்றுதான் அர்த்தம். டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து பிரேமின் நெற்றியில் வைத்தே விட்டார், அது நனைந்த நாய்போல் ஒரு உதறு உதறி அதைக் கீழே தள்ளியது. வேல்சாமியின் அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்து, மகனை வீட்டுக்கு இழுத்துப்போய், உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டு, மூலையில் உட்காரவைத்து அழுதாள். வேல்சாமி அழுகையின் நடுவில் பசிக்கிறது என்றார். மறுநாளும் பசிக்கிறது என்றார். அந்த வாரமே, வருஷக்கணக்காகத் தட்டிப்போன அவருடைய கல்யாணம் கடையநல்லூரில் நிச்சயமானது.

அவ்வளவுதான், பயம் தலைகீழாகக் கவிழ்ந்து ஆசையாகிவிட்டது. அதன்பிறகு எங்கள் ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற வழக்கம் போய், உங்கள் தெருவுக்கு வந்ததா என்று கேட்கிற வழக்கம் வந்தது. சேர்மன் தம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, இலவசத் தையல் மிஷின் கொடுக்கிற விழா ஒன்றை ஏற்பாடு செய்து, மிஷினைக் கொடுத்த கையை எடுக்காமல் வெகுநேரம் சிரித்துக்கொண்டே நின்றார். பிரேமுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, ஆனாலும் அது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போய், பந்தலின் கோடியில், அலறுகிற ஸ்பீக்கர் பெட்டிமேல் தலைவைத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த மைக் செட்காரர் முன்னால் நின்றுகொண்டது. சேர்மனும் வேறு வழியில்லாமல் மேடையைவிட்டு இறங்கிவந்து அந்தத் தூக்கத்தை எங்களோடு நின்று பார்த்தார், நல்ல தூக்கம் என்று ஒப்புக்கொண்டார்.

பார்த்தால் மட்டும் போதவில்லை, பார்த்ததைச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்குக் கவிஞர் ஒருவர் உண்டு, இன்சூரன்ஸ் ஏஜென்ட் பரமசிவம். கவிதையில் அவர் பெயர் தென்பொதிகைச் செல்வன். ஊழித்தீ, பிரபஞ்சம், எரிமலை இவற்றுக்குக் குறைந்து எதையும் அவர் தொட்டதில்லை. பிரேம் ஒருநாள் சண்முகக்கனி தன் வீட்டு வாசலில் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதன் முன்னால் நின்றபோது, கூட்டம் கேட்டுக்கொண்டதால், அவர் தொண்டையைச் செருமி, ஓ எரிமலையே என்று தொடங்கினார். எல்லாரும் சுளகில் எரிமலையைத் தேடினார்கள். அவரும் தேடினார். பாவம், அவருக்கே அது கிடைக்கவில்லை. அன்று மாலை அவர் கிளை நூலகத்துக்குப் போய், சின்ன விஷயங்களைப் பற்றி எழுதினவர்கள் யாராவது உண்டா என்று வெட்கத்தோடு கேட்டிருக்கிறார், நூலகர் ஒரு பெரிய அலமாரியையே காட்டியிருக்கிறார். பத்துப்பதினைந்து நாள் அவர் பாலிசி பிடிக்கப் போகவில்லை. திரும்பி வந்து, அதே சண்முகக்கனியின் சுளகுக்கு முன்னால் நின்று, மெதுவாக இப்படிச் சொன்னார்:

கல்லை எடுத்து எறிகிறாள்,
கூடவே ஒரு அரிசி போகிறது.
அதற்குத்தான் நிற்கிறது கோழி.

கூட்டம் சுளகை விட்டுவிட்டுக் கோழியைப் பார்த்தது. பிறகு சண்முகக்கனி வேண்டுமென்றே இன்னொரு அரிசியை எறிந்தாள், கோழி ஓடியது, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், சிரித்த வேகத்தில் சிலர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அதற்குப்பின் ஊர் ஊராக இல்லை. டிராயிங் டீச்சர் ஆரோக்கியமேரி, பிரேம் நின்ற இடத்திலெல்லாம் அது பார்த்ததைத் தரையில் கலர் சாக்பீஸால் வரைந்துவைத்தாள். ஆட்டின் மீசைமேல் ஏறாமலிருக்க மினிபஸ்கள் வளைந்து போயின. மழை வந்து படத்தையெல்லாம் கரைத்தபோது, சாக்பீஸ் கரைந்து நீலமும் மஞ்சளுமாக ஓடுகிற தண்ணீரின் முன்னால் பிரேம் போய் நின்றது, அவள் குடையைப் பிடித்துக்கொண்டு அதையும் வரைந்தாள். நூலகத்தில் உட்கார இடமில்லாமல், தையல்காரர்கள் கதைப்புத்தகங்களைக் கடைக்கு எடுத்துப்போய் ஒருவர் தைக்க ஒருவர் சத்தமாக வாசித்தார்கள், ஒரு கதையில் வருகிற பொம்பளை வெங்காயம் உரிக்கிற பத்தியைக் கேட்டுவிட்டு துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய் வெங்காயம் உரித்துப் பார்த்தார்கள். குழாயடியில் குடம் வைப்பதில் சண்டைபோட்ட ரெண்டு பேர், நடுவில் பிரேம் வந்து அவர்கள் கைகள் காற்றில் ஆடுவதற்கு முன்னால் நின்றதும், நம் கை இவ்வளவு அழகாகவா ஆடுகிறது என்று அசந்துபோய், சண்டை எதனால் தொடங்கியது என்பதை மறந்தார்கள். இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

இந்தக் கிறுகிறுப்பு ஒட்டாத ஆள் ஊரில் ஒரே ஒருவர்தான், அது பிரேமைச் செய்த குற்றாலிங்கம். ஊரே ஆட்டைப் பார்த்து மயங்கி நின்றபோது அவர் பார்த்தது பிரேமின் இடதுபக்க மேல்மூலையை. கட்டை சேருகிற இடத்தில் ஒரு நூல் இடைவெளி விட்டிருக்கிறது, பிடித்துக்கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், தொழிலில் சுத்தம், ஆனால் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவருக்கு அது பத்துக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதினெட்டு. உள்ளே இருப்பது முருகனா மாமனாரா என்பதைச் சுற்றிக்கட்டிக் கொடுத்தபிறகும் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் மண்டபத்தின் நீளம் அகலம் சொல்வார், பெண் சிவப்பா கறுப்பா என்று கேட்டால் விழிப்பார்.

அவர் மனைவி உலகம்மாள். அவளுக்கு வெள்ளெழுத்து வந்து, தென்காசியில் காட்டி, மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு மாசத்துக்குமேல் ஆகியிருந்தது. அந்த மாசம் முழுக்கக் கண்ணாடியோடுதான் அவருக்குச் சோறு போட்டாள், எதிரில் உட்கார்ந்து கணக்குப் பேசினாள், காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் காலையில் அலமாரியில் கண்ணாடிக் கூடு ஒன்றைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டில் யாருக்கு மூக்குக்கண்ணாடி என்று குற்றாலிங்கம் அவளிடமே கேட்டார். ஆயுசு முழுக்கக் கண்ணாடியும் பிரேமுமாகப் புழங்குகிற மனுஷர், தம் பொண்டாட்டி முகத்தில் ஒரு கண்ணாடியும் பிரேமும் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை.

உலகம்மாள் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"ஆடித்தபசுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குச் சங்கரங்கோயில் போறேன்," என்றாள். "அதுக்குள்ள அந்தப் பிரேம் நம்ம வீட்டுல ஒரு தடவ வந்து நின்னுச்சுன்னா திரும்பி வருவேன். ஆட்டப் பாத்துச்சு, கோழியப் பாத்துச்சு, மைக் செட்காரன் வாயப் பாத்துச்சு. எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு அதுவும் சொல்லிட்டுன்னா நான் அங்கயே இருந்துக்கிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று குற்றாலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அவள் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்திருந்தாள். ஹாஸ்டலில் படிக்கிற மகளுக்குப் போன்போட்டு, இனிமேல் லீவுக்கு மாமா வீட்டுக்கு வா என்றும் சொல்லிவிட்டாள். அவள் இல்லாத வீடு எத்தனைக்கு எத்தனை என்று முதல்முறையாக அவருக்கு அளவு தெரியாமல் போனது.

அன்றிலிருந்து அவர் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. தாம் செய்த பிரேம் தம் பேச்சைக் கேட்காமல் போகுமா என்ற நம்பிக்கையில், தெருத்தெருவாக அதன் பின்னால் அலைந்து, இந்தா இந்தா என்று கோழியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். அது எண்ணெயில் பொரிகிற அப்பளத்தின் முன்னால் ஒருதரம் நின்றது என்று கேள்விப்பட்டு, உலகம்மாளைத் தினமும் அப்பளம் பொரிக்கச் சொன்னார். வீடு முழுக்க அப்பளம் குவிந்து, தெரு முழுக்கக் கொடுத்துத் தீர்த்தார்கள். கவிஞரிடம் சொல்லி என் பொண்டாட்டிமேல் முன்கூட்டியே ஒரு கவிதை எழுதிவையுங்கள் என்று கேட்டார். கவிஞர், அவளிடம் நீங்கள் பார்த்தது ஏதாவது சொல்லுங்கள் அண்ணாச்சி, எழுதுகிறேன் என்றார். குற்றாலிங்கம் யோசித்து யோசித்து, அஞ்சடி ரெண்டங்குலம் என்றார். நூலகத்திலிருந்து ஒரு கதைப்புத்தகம் எடுத்துக்கொடுத்து அனுப்பினார் கவிஞர். மறுநாளே அதைத் திருப்பிக்கொண்டு வந்தவர், பைண்டிங் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

ஒரேயொரு தடவை பிரேம் அவர் வீட்டு வாசல்வரை வந்தது. உள்ளே உலகம்மாள் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள், ரவிக்கை ஒன்று காற்றில் அவள் தோளைத் தட்டியது. குற்றாலிங்கம் ஓடிப்போய், உலகு, அசையாத, அப்படியே நில்லு என்று கத்தினார். அவள் அப்படியே நின்றாள். துணியும் நின்றது, காற்றும் நின்றுவிட்டதுபோல் இருந்தது. பிரேம் வாசற்படியருகே கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் யாரோ தும்முவதைப் பார்க்கப் போய்விட்டது. உலகம்மாள், நான் என்ன உங்க கடைக்கு வந்த போட்டோவா என்று மட்டும் கேட்டுவிட்டு, துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடித்தபசு அன்று காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். அந்தப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தபசுத் திருவிழாவுக்குப் போகிற கூட்டம் நிறைய இருந்ததால் இடம் கிடைக்கிற பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிமெண்டுப் பெஞ்சில் அவள் ஒரு கோடியில், அவர் ஒரு கோடியில், நடுவில் பை. பிரேமை அன்று அவர் தேடவில்லை. எங்கே திரிகிறது என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. தேடி என்ன ஆயிற்று, அவள் போகப் போகிறாள். சும்மா இருந்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குப் பட்டது, அதனால் அவள் பக்கம் திரும்பி, அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போது அவர் பார்த்தார். ஒவ்வொரு பஸ் உள்ளே வரும்போதும் உலகம்மாள் அதன் போர்டை வாசித்தாள். வாய்க்குள்ளேதான் வாசித்தாள், ஆனால் உதடு அசைந்தது. சுரண்டை என்று ஒரு அசைவு, ஆலங்குளம் என்று ஒரு அசைவு, வழி பாவூர்ச்சத்திரம் என்கிற சின்ன எழுத்தையும் விடவில்லை. வாசித்து முடித்ததும், சரி, நீ போகலாம் என்று சொல்லுகிறதுபோல் மோவாயை ஒரு இம்மி இறக்கித் தலையாட்டினாள். அவள் தலையாட்டிய பிறகுதான் கண்டக்டர் விசிலடித்தார், அதற்குப் பிறகுதான் பஸ் நகர்ந்தது. தென்காசி வந்தது, வாசித்தாள், தலையாட்டினாள், விசில், போனது. கடையநல்லூர் வந்தது, இடையில் ஒரு லாரி மறித்து போர்டு பாதிதான் தெரிந்தது, அவள் கழுத்தை நீட்டி மீதியையும் வாசிக்கிறவரை அந்தப் பஸ் கிளம்பவே இல்லை. இத்தனை வருஷமாக எத்தனை பஸ் ஸ்டாண்டில் எத்தனை பஸ்ஸை இவள் இப்படி அனுப்பிவைத்திருப்பாள், பக்கத்திலேயே உட்கார்ந்து நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க, குற்றாலிங்கத்துக்குத் தலை கிறுகிறுவென்று வந்தது. பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், சிரிப்பும் வந்தது.

பிரேம் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், நாங்கள்தானே பின்னாலேயே வந்தோம். மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காயின் முன்னால் நின்றிருந்த பிரேம் சட்டென்று கிளம்பி, சாமி புறப்பாடு போகிற வேகத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, அந்தப் பெஞ்சில், பைக்குமேலே, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. இந்தப்பக்கம் நின்றவர்களுக்கு உள்ளே உலகம்மாள் தெரிந்தாள். அந்தப்பக்கம் நின்றவர்களுக்கு உள்ளே வாய் பிளந்த குற்றாலிங்கம் தெரிந்தார். இரண்டில் எது படம் என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் வழக்கு இருக்கிறது, கவிஞரைக் கேட்டால் அன்று கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்கிறார்.

உலகம்மாள் பிரேமைப் பார்த்தாள். இத்தனை நாள் வராமலிருந்துவிட்டு, இவ்வளவு பக்கத்தில், தங்கக் கோடு வெயிலில் மினுங்க அது நின்றது. வீட்டுக்கு வந்தால் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள், இது பஸ் ஸ்டாண்டு, கணக்கில் சேருமா சேராதா என்று கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது. அவள் அதன் வழியாகப் புருஷனைப் பார்த்தாள். எதற்காக அவர் நாயாய்ப் பேயாய் அலைந்தாரோ அது மூக்குக்கு நேரே வந்து நிற்கிறது, அவர் இப்போது துள்ளி எழுந்து அதன் இடதுபக்க மூலையைப் பிடித்துப் பார்ப்பார் என்று காத்திருந்தாள்.

குற்றாலிங்கம் அப்போது கோபத்தில் இருந்தார். புளியங்குடி பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது, அவள் வாசிக்கத் தொடங்கியிருந்தாள், சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மரக்கட்டை குறுக்கே வந்து அவள் மோவாயை மறைத்தது, தலையாட்டுவதைப் பார்க்க முடியாமல் போய்விடுமே என்று அவருக்குப் பதறியது. சினிமாக் கொட்டகையில் முன்னால் நிற்கிற ஆளைத் தள்ளுவதுபோல், டீக்கடைக்காரரைத் தவிர ஊரே அதுவரை தொடப் பயந்த அந்தப் பிரேமைப் புறங்கையால் ஒரு தள்ளு தள்ளினார்.

"கொஞ்சம் அங்கிட்டுப் போ," என்றார். "மறைக்குது."

தள்ளினது எது என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிரேம் காற்றில் இரண்டு ஆட்டம் ஆடி, நிதானித்து, கூட்டத்தின் தலைக்குமேல் ஏறி, அப்போதுதான் வந்து நின்ற சங்கரன்கோவில் பஸ்ஸின் பின்படிக்கட்டு வழியாக உள்ளே போய்க் கம்பியோரமாக நின்றுகொண்டது. இது ஆளா லக்கேஜா என்று கண்டக்டர் கேட்டார், யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"என்ன அப்படிப் பாக்கிய?" என்றாள் உலகம்மாள். கழுத்துவரை சிவந்திருந்தாள்.

"நீ தலையாட்டுனாத்தான் பஸ் போகுது, உலகு," என்றார் குற்றாலிங்கம். "இன்னைக்குத்தான் கண்டேன்."

அவள் மூக்குக்கண்ணாடியைச் சரியாக ஏற்றிக்கொண்டு, சங்கரன்கோவில் போர்டை எழுத்து எழுத்தாக வாசித்தாள், வழி என்று போட்டிருந்த ஊர்களையும் வாசித்தாள், வாசித்து முடித்துவிட்டுத் தலையாட்டினாள். விசில் கேட்டது. பஸ் கிளம்பி, பிரேமையும் தபசுக் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு, வளைவில் திரும்பி மறைந்தது.

குற்றாலிங்கம் திடுக்கிட்டு எழுந்தார். "ஏட்டி, அது உன் பஸ்ஸுல்லா."

"தெரியும்," என்றாள் உலகம்மாள். "நாந்தான போகச் சொன்னேன்."